கூல்ட்ரிங்க்ஸ மொத்தமா தடை பண்ணணுமா, இல்ல வரி போட்டா போதுமா?

ஈரோடு அம்மா:
எங்க பையன் ஆறாவது படிக்கிறான், ஸ்கூல் விட்டதும் கேட்டுக்கு எதிர்ல இருக்குற கடையில பத்து ரூவாய்க்கு ஒரு கலர் வாங்கிக் குடிச்சுட்டுதான் வேன்ல ஏறுறான், அவன் மட்டும் இல்ல கிளாஸே அப்படித்தான். கோலா பாட்டில்ல 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல சர்க்கரைன்னு போட்டிருக்கு, 250 மில்லி குடிச்சா 25 கிராம் தாண்டிருது. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுங்குது. சின்னப் பசங்களுக்கு சிகரெட் விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல, இதையும் தடை பண்ணிட்டா என்ன?

நெல்லை பெட்டிக்கடை:
அக்கா, 2017 மார்ச் 1ல இருந்து பெப்சி கோக் விக்க மாட்டோம்னு வணிகர் சங்கங்க அறிவிச்சாங்கல்ல, ஜல்லிக்கட்டு போராட்டம் முடிஞ்ச சூடு, இங்க எங்களுக்கு தாமிரபரணி தண்ணிய கம்பெனிக்கு குடுக்கதுல இருந்த கோவம் வேற. அப்போ பொவண்டோவும் பன்னீர் சோடாவும் நல்லா ஓடுச்சு, நம்மூர் சரக்கு விக்கதுல சந்தோசம்தான். ஆனா அதுலயும் சர்க்கரைதானக்கா இருக்கு? குடிக்கவன் பாட்டில மாத்துனான், பழக்கத்த மாத்தல. பொறவு பெப்சி கோக்கும் ஃபிரிட்ஜுக்கு வந்துட்டு. வெயில் காலத்துல எங்க பொழப்பே இதுலதான் ஓடுது, ஒரேடியா தடைன்னா சின்ன கடைக்காரன்தான் முதல்ல சாவான்.

சேலத்து கணக்கு:
வரி ஏற்கனவே இருக்குங்க, ஆனா போட்ட விதம்தான் தப்பு. கேஸ் அடைச்ச பானத்துக்கு 2017ல 28 சதவீதம் ஜிஎஸ்டி, அதுக்கு மேல 12 சதவீதம் செஸ்ங்கிற கூடுதல் வரி, இப்போ 2025 செப்டம்பர்ல இருந்து நேரா 40 சதவீதம். சர்க்கரையே இல்லாத டயட் கோலாவுக்கும் அதே 40தான்! ஆனா கேஸ் இல்லாத மாம்பழ ஜூஸ் பாக்கெட் 12ல இருந்து 5 சதவீதத்துக்கு இறங்கிருச்சு, அதுல சர்க்கரை கோலாவுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. கேஸ் இருக்கா இல்லையான்னு பாத்து வரி போட்டா கம்பெனிக்காரன் எதுக்கு சர்க்கரைய குறைக்கப் போறான்? பிரிட்டன்ல 2018ல 100 மில்லிக்கு சர்க்கரை 5 கிராம் தொட்டா ஒரு வரி, 8 கிராம் தொட்டா அதவிட அதிகம்னு கொண்டு வந்தாங்க. வரி அமலுக்கு வர்றதுக்கு முன்னாடியே நிறைய கம்பெனி சர்க்கரைய குறைச்சுட்டாங்க. நமக்கும் கிராம் கணக்குதான் வேணும்.

வடமராட்சியான்:
எங்கட இலங்கையில 2016இல இருந்து போத்தலிலயே நிற வட்டம் போட வேணும் எண்டு சட்டம். 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல சீனி எண்டா சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ பச்சை, இடையில செம்மஞ்சள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் விளங்கும், அது நல்ல விசயம். ஆனா ஈரோட்டு அக்கா சொன்ன அந்த கோலா 11க்குக் கீழ நிண்டா செம்மஞ்சளோட தப்பியிடும். எல்லைக் கோட்டை எங்க கீறுறது எண்டதுதான் முக்கியம், அங்கதான் கம்பெனிக்காரர் வந்து நிப்பினம். 2017 கடைசியில சீனிக்கு வரியும் போட்டவை, பிறகு குறைச்சுப் போட்டினம்.

ஈரோடு அம்மா:
சேலத்துக்காரரே, அப்போ பசங்களுக்கு டயட் வாங்கிக் குடுத்தா பரவால்லையா?

சேலத்து கணக்கு:
வேண்டாங்க. உடம்பு எடைய குறைக்க, டயட்ல சர்க்கரைக்குப் பதிலா போடுற அந்த மாதிரி இனிப்பூட்டிய நம்பாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனமே 2023ல சொல்லிருச்சு, பல்லுக்கு அதுல இருக்குற ஆசிடும் ஆகாது. மோர், இளநி, சும்மா தண்ணி போதும்.

ஆறாம் வகுப்பு டீச்சர்:
முதல் கேள்விக்கு வரேன். கேட்டுக்கு எதிர்ல கடைன்னு சொன்னீங்கல்ல, சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமா இருக்குற ஐட்டத்த ஸ்கூலுக்குள்ளயும், கேட்ல இருந்து எந்தப் பக்கமும் 50 மீட்டருக்குள்ளயும் விக்கக் கூடாதுன்னு 2020லயே எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையம், விதி போட்டாச்சு. புதுசா தடை கேக்குறதுக்கு முன்னாடி இருக்குறத அமல்படுத்தச் சொல்லலாம். பேரன்ட்ஸ் மீட்டிங்ல நாலு பேரா எழுந்து கேளுங்க, மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலருக்கு ஸ்கூல் பேர், கடை எத்தன மீட்டர்ல இருக்கு எல்லாம் போட்டு சேர்ந்து கையெழுத்து போட்டு ஒரு மனு குடுங்க. கடைக்காரர்கிட்டயும் முதல்ல போய் பேசுங்க, அவரும் நம்ம ஊர்க்காரர்தான், ஸ்கூல் விடுற நேரத்துக்கு மோர் பாக்கெட் வெச்சா நாங்க வாங்குறோம்னு சொல்லிப் பாருங்க.

நெல்லை பெட்டிக்கடை:
டீச்சர் சொல்லுதது சரி. மோர் வித்துப் போச்சுன்னா நான் கூட வைப்பேன், எங்க கடைக்கு பக்கத்துலயும் ஒரு ஸ்கூல் இருக்கு.