ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், கையில் இருப்பது இரண்டரை நாள்: பித்தவெடிப்பு, பொட்டு வைத்த தடம், வியர்வை, கோன்

கேள்வி: தாழம்பூ (வியாழன் இரவு)

ஞாயிறு காலை 6 மணிக்கு முகூர்த்தம். மணப்பெண்ணோட அக்கா நான், முதல் வரிசையில நிக்கணும். பிரச்சனைகள் இவ்வளவு:

குதிகால்ல பித்தவெடிப்பு. ரத்தம் வரல, ஆனா புடவை ஓரம் மாட்டி நூல் இழுக்குது. ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற இடம் ஒரு வாரமா அரிக்குது, வட்டமா கொஞ்சம் வெளுத்தும் இருக்கு. பட்டு ஜாக்கெட்ல அக்குள் நனைஞ்சிடும். கண்மை ஒரு மணி நேரத்துல கீழ இறங்கிடுது. போர்த் தண்ணியில குளிச்சுக் குளிச்சு முடி நார் மாதிரி ஆயிடுச்சு. கோன் எந்த நாள் வெச்சா ஞாயித்துக்கிழமை நல்லா சிவந்திருக்கும்?

பார்லர்ல ஒரே நாள்ல எல்லாம் சரி பண்ணிடலாம்னு பேக்கேஜ் சொல்றாங்க. வீட்டுலயே முடியுற வழி இருந்தா சொல்லுங்க. சர்க்கரை, வேற நோய் எதுவும் இல்ல.

பதில் 1: வெட்டிவேர்

முதல்ல கால். அதுக்குத்தான் நாள் வேணும், இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சிடுங்க.

குதிகால் தோல் காய்ஞ்சு தடிச்சுப் போனா விரியாது. நாம எழுந்து நிக்கும்போது அடியில இருக்கிற சதை பக்கவாட்டுல பிதுங்கும், மேல இருக்கிற தடித்தோல் அதுக்கு இடம் கொடுக்காம பிளந்துடும். வெறுங்காலோட டைல்ஸ்ல நடக்கிறதும், பின்பட்டை இல்லாத செருப்பும் அதை இன்னும் கெடுக்கும். அதனால தோலை மெல்லிசாக்கணும், பிறகு ஈரத்தை உள்ளேயே நிறுத்தணும். சுரண்டி எடுக்கிறதோட விட்டா மறுபடி காய்ஞ்சு பிளக்கும்.

வெதுவெதுப்பான தண்ணியில ஒரு ஸ்பூன் ஷாம்பு விட்டு 10 நிமிஷம் காலை வைங்க. அரை மணி நேரம் ஊற வெச்சா நல்ல தோலும் வெள்ளையா ஊறிப்போய் கல்லோட சேர்ந்து வந்துடும், மறுநாள் நடக்க எரியும். பியூமிஸ் கல்லால ஒரே திசையில, ஒரு குதிகாலுக்கு 15, 20 இழுப்பு போதும். தோல் ரோஸ் நிறம் காட்டினா நிறுத்திடுங்க. ஒத்தி எடுத்து, ஈரம் முழுசா போறதுக்குள்ள யூரியா 20 அல்லது 25 சதவீதம் இருக்கிற கிரீமைத் தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுத் தூங்குங்க. ஆழமான பிளவுல யூரியா எரியும், அங்க மட்டும் வாசலின். கல் இன்னிக்கும் நாளைக்கும்தான், கிரீம் தினமும். பிளேடு கிட்டயே போகாதீங்க. இதைப் படிக்கிற சர்க்கரை நோயாளிகள் பிளேடு, கல் ரெண்டையும் தொடக்கூடாது.

ஞாயித்துக்கிழமைக்குள்ள பிளவு முழுசா மூடாது. புடவை மாட்டாம இருக்க, காலையில குதிகாலைத் துடைச்சு, பிளவுக்குக் குறுக்கா மைக்ரோபோர் காகித டேப் ஒட்டிடுங்க. அந்த இடத்துல மட்டும் அன்னிக்கு கிரீம் வேண்டாம், டேப் நிக்காது.

பதில் 2: குப்பைமேனி

அக்குளுக்கு ஆப்பசோடாவும் எலுமிச்சையும் குழைச்சுத் தேய்ங்க. நாத்தமும் போகும், கருப்பும் போகும்.

பதில் 3: நீலாம்பரி

குப்பைமேனி, அது வேண்டாங்க. தோல் இயல்பா லேசான அமிலத்தன்மையோட இருக்கும், ஆப்பசோடா காரம். மடிப்புல தேய்ச்சா ரெண்டு நாள்ல செவந்து எரியும். எலுமிச்சைச் சாறு பட்ட தோல்ல வெயில் விழுந்தா கருந்திட்டு வரும், அது போக வாரக்கணக்காகும். கல்யாணத்துக்கு முன்னாடி பண்ற வேலையே இல்ல.

தாழம்பூ, ‘டியோடரண்ட்’னு மட்டும் போட்டிருந்தா அது வாசனையைத்தான் பார்த்துக்கும். உங்களுக்கு வேண்டியது ‘ஆன்டிபெர்ஸ்பிரண்ட்’, அலுமினிய உப்பு சேர்ந்த ரோல்-ஆன். பெரும்பாலானவங்க குளிச்ச ஈரத்தோட காலையில போட்டுட்டு வேலை செய்யலைன்னு சொல்வாங்க. அந்த உப்பு வியர்வைக் குழாயோட வாயில சின்ன அடைப்பா உக்காரணும். வியர்வை ஓடிட்டிருக்கும்போது போட்டா அடிச்சுட்டுப் போயிடும். ராத்திரிதான் வியர்வை குறைவு. படுக்கிறதுக்கு முன்னாடி நல்லா காய்ஞ்ச தோல்ல போட்டு, காலையில கழுவிடுங்க. கழுவினாலும் அடைப்பு போகாது.

அக்குள் முடி எடுக்கிறதா இருந்தா இன்னிக்கே எடுங்க. ரோல்-ஆன் நாளைக்கு ராத்திரியும் சனி ராத்திரியும். எடுத்த அன்னிக்கே போட்டா துள்ளுவீங்க. ஜாக்கெட் உள்பக்கம் ஒட்டுற வியர்வை பேடு துணிக்கடையிலயே கிடைக்கும். சென்ட்டை ஜரிகை மேல அடிக்காதீங்க, கறுக்கும். புடவை கட்டுறதுக்கு முன்னாடி உடம்புல அடிச்சு, காய விடுங்க.

பொட்டு விஷயம்தான் எனக்குக் கவலை. நீங்க சொன்ன மத்ததெல்லாம் அழகு விஷயம், இது அப்படி இல்ல. ஸ்டிக்கர் பொட்டோட பசையில பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால்னு ஒரு ரசாயனம் இருக்கலாம். சிலருக்கு அது முதல்ல அரிப்பு கொடுக்கும், அப்புறம் அந்த இடத்து நிறமிச் செல்களையே கெடுத்துடும். அதான் பொட்டு அளவுக்கே வட்டமா வெளுப்பு. செருப்புப் பட்டை படுற இடத்துல சிலருக்கு வெள்ளைத் தடம் விழறதுக்கும் இதே மாதிரி பசைதான் பல நேரம் காரணம். பொட்டை நிறுத்தினா பல பேருக்கு நிறம் திரும்பும், ஆனா மாசக்கணக்காகும். தொடர்ந்து வெச்சா தடம் பெருசாகும்.

பண்ண வேண்டியது: இன்னியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு கிடையாது. ஒட்டியிருக்கிற பசையை நகத்தால சுரண்டாம, தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சை ஒரு நிமிஷம் வெச்சு எடுங்க. நாளைக்கே தோல் டாக்டரைப் பார்த்துடுங்க. மருந்துக்கடையில கேட்டா மூணு மருந்து கலந்த ஸ்டீராய்டு களிம்பு ஒண்ணை எடுத்து நீட்டுவாங்க, நெத்தியில அதைத் தடவாதீங்க. அரிப்புக்கு ஐஸ் தண்ணியில நனைச்ச துணி ஒத்தலாம்.

ஞாயித்துக்கிழமைக்கு நெத்திச்சுட்டி போடுங்க. பதக்கம் சரியா அந்த இடத்துல விழும், யாருக்கும் தெரியாது. பொட்டு வெச்சே ஆகணும்னா, தோல்ல வெடிப்பு, நீர்க்கசிவு இல்லாம இருந்தா மட்டும், ஐப்ரோ பென்சிலால வரைஞ்சு சடங்கு முடிஞ்சதும் துடைச்சிடுங்க. கடைக் குங்குமமும் வேண்டாம், அதுல சேர்க்கிற சாயமும் சிலருக்கு ஒவ்வாமை கொடுக்கும்.

பதில் 4: மருதோன்றி

கோன் நாளைக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம். அசல் மருதாணி எடுத்த உடனே ஆரஞ்சாதான் இருக்கும், நிறம் ஏறி முழுசா கருஞ்சிவப்பாக ஒண்ணரை, ரெண்டு நாள் ஆகும். சனி ராத்திரி வெச்சா ஞாயித்துக்கிழமை ஆரஞ்சு கையோட நிப்பீங்க, செவ்வாய்க்கிழமை பிரமாதமா சிவந்திருக்கும்!

‘10 நிமிஷத்துல சிவப்பு’ன்னு வர்ற கோனும், கறுப்பா பிடிக்கிற கோனும் வேண்டவே வேண்டாம். கறுப்புக்கு பெரும்பாலும் தலைச்சாயத்துல போடுற பிபிடியைச் சேர்ப்பாங்க, கோலம் போட்ட வடிவத்துலயே கொப்புளம் வரும். பொட்டுப் பசைக்கே ஒத்துக்காத தோல் உங்களோடது. ஒரு சோதனை: அரைச்ச மருதாணி வெளியில வெச்சா சில நாள்ல வலுவிழந்துடும். கடை அலமாரியில மாசக்கணக்கா கிடந்தும் பிடிக்குதுன்னா அதுல மருதாணி மட்டும் இல்ல.

வீட்டுல பண்றதுன்னா ரெண்டு கைக்கு 20 கிராம் சலிச்ச பொடி, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, தயிர்ப் பதத்துக்கு எலுமிச்சைச் சாறு. நாளைக்கு காலையில கலந்து, மூடி, வெளியிலயே 6 முதல் 8 மணி நேரம். மேல்பக்கம் பழுப்பாகி, கிளறினா உள்ள பச்சையா இருக்கணும், அதுதான் பக்குவம். இலை கிடைச்சா கொட்டைப்பாக்கு சேர்த்து மையா அரைச்சுடுங்க, இந்தக் கணக்கெல்லாம் தேவையில்ல. டிசைன் வராது, தொப்பிதான்.

வைக்கிறதுக்கு முன்னாடி கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. எண்ணெய், கிரீம் இருந்தா பிடிக்காது. காலுக்கும் வைக்கிறீங்கன்னா வெட்டிவேர் சொன்ன கல் வேலையை அதுக்கு முன்னாடியே முடிச்சிடணும், அதுக்கப்புறம் தேய்ச்சா சிவந்த தோலும் சேர்ந்து போயிடும். வெள்ளி ராத்திரி யூரியா கிரீம் குதிகாலுக்கு மட்டும், டிசைன் பக்கம் வரக்கூடாது. காய்ஞ்சு உதிர ஆரம்பிச்சா சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாறு ஒத்தி ஒட்ட வைங்க. 6 மணி நேரமாவது இருக்கட்டும். ஸ்பூன் விளிம்பால உதிர்த்துட்டு, சனி மத்தியானம் வரைக்கும் தண்ணி படாம பார்த்துக்கோங்க. பாத்திரம் வேற யாராவது தேய்க்கட்டும்.

பதில் 5: சீயக்காய்

முடி: சனிக்கிழமை அலசுங்க, ஞாயிறு காலை வேண்டாம். புதுசா அலசின முடி வழுக்கும், பின் நிக்காது, பூச்சரம் சரிஞ்சிடும். போர்த் தண்ணியில இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் முடி மேல படிஞ்சதுதான் அந்த நார். சோப்பு போடவே கூடாது. ஷாம்பு, கண்டிஷனர் போட்டு அலசினதும் கடைசியா 2 லிட்டர் கேன் தண்ணியில 2 டேபிள்ஸ்பூன் வினிகர் கலந்து ஊத்துங்க. துவட்டினதும் வாசனை போயிடும். கை கோன் நனையாம இருக்க, அன்னிக்கு வேற ஆள் அலசி விடணும்.

மை: கண்ணுக்குக் கீழ கிரீம், சன்ஸ்கிரீன் எண்ணெய்ப்பசை இருந்தா மை வழுக்கிட்டு இறங்கும். டிஷ்யூவால ஒத்தி, லேசா பவுடர் போட்டு, உள்மூலையை விட்டுட்டு வெளிப்பக்கம் மட்டும் வரைங்க. அதே நிறப் பவுடர் ஐஷேடோவை மேல அழுத்துங்க. ஓமப் புகையில கண்ணு கலங்கினா துடைக்கக் கூடாது, டிஷ்யூ முனையை மடிச்சு மூலையில ஒத்தி எடுக்கணும்.

தாழம்பூ

எல்லாருக்கும் நன்றி. கால் ஊறிட்டு இருக்கு! சனிக்கிழமை பார்லர்ல த்ரெடிங், பிளீச், ஃபேஷியல் புக் பண்ணியிருக்கேன். வெச்சுக்கலாமா?

நீலாம்பரி

த்ரெடிங்கை வெள்ளி காலைக்கு மாத்துங்க, சிவப்பு அடங்க நேரம் இருக்கும். இதுவரை பண்ணாத ஃபேஷியலை முந்தின நாள் பண்ண வேண்டாம். பிளீச் கண்டிப்பா கேன்சல், நெத்தி அந்த நிலைமையில இருக்கும்போது அம்மோனியா அங்க போகவே கூடாது. த்ரெடிங் பண்றவங்ககிட்ட பொட்டு இடத்துல பவுடர் போட வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க.