புதுப்பிப்பு: பொங்கலுக்கு முன் என்ன வாசித்தோம்

பொங்கல் விடுமுறைக்கு முன் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நூலகப் பாடவேளையில் என்ன வாசித்துக் காட்டலாம் என்று கேட்டிருந்தேன். “நீளமான கதை வேண்டாம்” என்றீர்கள். சரிதான்.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில், பிள்ளைகளின் வாசிப்புத் திறனுக்கேற்ப நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் உண்டு அல்லவா, ‘நுழை’யில் ஒன்றை முதலில் வாசித்தேன். ஐந்தே நிமிடம். அப்புறம் ஒரு பையன் தன் வீட்டுக் கதையைச் சொன்னான்: போன மாட்டுப் பொங்கலன்று ஒரு கொம்புக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தபோது கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டதாம். அதையே சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதி வாசித்தேன். கன்று வரும் இடமெல்லாம் எல்லோரும் “ம்மா!” பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

செய்தித்தாளைச் சுருட்டிக் கரும்பு செய்ததுதான் சொதப்பல். பசை காயவே இல்லை, பாதிக் கரும்பு பெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை நூல் கட்டிவிடலாம்.

மணி அடித்த பிறகும் ஒரு குட்டிப் பிள்ளை போகவில்லை: “மிஸ், அந்த இன்னொரு கொம்பு?” பையனைக் கேட்டேன். அவனுக்கு நினைவில்லையாம்.