லொறிக்காரர் குழு – மாங்குளம்

டிப்பர் தம்பி: அண்ணையாக்கள், நாளைக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கவேணும். ஃபுல் எடுத்தா ஏத்திற நெல்லுக்கும் சேர்த்துத்தானே?

மாங்குளம் மாமா: இல்லையடா தம்பி. ஃபுல் எண்டா உன்ர லொறிக்கும், உன்னால அடிபடுறவைக்கும்தான். மூட்டைக்கு வேற பொலிசி. தேர்ட் பார்ட்டி, அதான் அடிபடுறவைக்கு மட்டும் எண்டா உன்ர லொறிக்கு ஒரு சதமும் வராது.

கராஜ் அண்ணை: முதல்ல படிவத்தில பாவனை எண்ட கட்டத்தைப் பார். சொந்தப் பாவனை எண்டு போட்டிட்டு ஹயருக்கு ஓடினா கம்பனி கைவிரிச்சிடும். பிரீமியம் குறையுமெண்டு ஏஜென்ட் எழுதுவார், கையெழுத்து உன்ரது.

டிப்பர் தம்பி: பெறுமதியைக் குறைச்சுப் போட்டா?

மாங்குளம் மாமா: அதுதான் ஆகப் பெரிய குழி. சந்தை விலை 80 இலட்சம், நீ 60 போட்டா முக்கால்வாசிதான் காப்பு. அந்த விகிதத்தை எல்லாச் சேதத்துக்கும் பிடிப்பினம். திருத்த 4 இலட்சம் வந்தா 3தான் கணக்கு. எக்ஸஸ், அதான் நீ கையால போடுற பங்கு, 25,000 எண்டா கையில 2,75,000. பழைய பாகத்துக்குப் புதுசு போட்டா தேய்மானமும் கழிபடும். லீசிங்கில நிக்கிற லொறி முழுசா அழிஞ்சா காசு முதல் லீசிங்காரருக்கு.

டிப்பர் தம்பி: 😳

கிளிநொச்சி அண்ணை: வெள்ளம், கலவரம், பயங்கரவாதம் மூண்டும் சேர்ந்திருக்கோ எண்டு பொலிசி அட்டவணையில பார். எல்லாப் பொலிசியிலயும் தானா வராது, கேட்டுப் போடவேணும். கிளீனருக்கும் தனிக் காப்பு இருக்கு, அதையும் கேள்.

கராஜ் அண்ணை: கார்த்திகை மார்கழியில பாலத்துக்கு மேலால தண்ணி பாயேக்க லொறி நிண்டுபோனா ஸ்டார்ட் அடிக்கவே கூடாது. தண்ணி அமுங்காது. சிலிண்டருக்க போயிருந்தா பிஸ்டனைப் பிடிக்கிற கொனெக்டிங் ரொட் வளைஞ்சிடும். பிறகு “வெள்ளம் இல்லை, நீதான் உடைச்சாய்” எண்டு கம்பனி சொல்லும். பற்றரி வயரைக் கழற்றிப்போட்டு, கட்டியிழுத்துக்கொண்டு வா. டீசல் பீச்சிற இன்ஜெக்டரைக் கழற்றித்தான் தண்ணியை எடுக்கிறது.

கிளிநொச்சி அண்ணை: சாரதியின்ர லைசன்ஸையும் பார். சி1 வகுப்பு எண்டா லொறியும் பாரமும் சேர்த்து 17,000 கிலோ வரைக்கும்தான். பத்துச்சில்லு டிப்பருக்கு சி வேணும். வகுப்பு பிழைச்சா கிளெய்ம் இல்லை.

டிப்பர் தம்பி: இரவில மாடு, யானை பாய்ஞ்சா?

மாங்குளம் மாமா: ஃபுல்லில வரும். ஆனா லொறியை அரக்கமுந்தி கம்பனியின்ர நம்பருக்கு அடிச்சு, ஆள் வந்து பாக்கவேணும். ஆருக்கும் காயமெண்டா பொலிஸ் முறைப்பாடும் வேணும்.

கராஜ் அண்ணை: டிப்பர் தொட்டியைத் தூக்கி மண் கொட்டேக்க சரிஞ்சா? சில பொலிசியில அது விலக்கு. பழைய பொலிசியைப் படமெடுத்துப் போடு, பாத்துச் சொல்லுறன்.