சூடானா ஏர்கோன் கிளட்ச் பிடிக்கல, கம்ப்ரசரே மாத்தணுமா?

பட்டர்வொர்த்_தம்பி:
அண்ணே, காலைல ஏர்கோன் நல்லா ஜில்லுனு வருது, சாயங்காலம் பினாங்கு பாலத்து ஜேம்ல மாட்டுனா கம்ப்ரசர் கிளட்ச் (பெல்ட் புல்லியோட கம்ப்ரசரை சேத்து விடுற காந்த பிளேட்) விட்டுடுது, வெறும் காத்துதான், எஞ்சின் ஆறுனதும் தானா திரும்ப பிடிக்குது. கேஸ் சரியா இருக்காம், ஆனா போர்மேன் கம்ப்ரசரே மாத்தணும்ங்கிறாரு. பின்னாடி புள்ளைங்க வேர்த்து அழுவுதுங்க, ரொம்ப கஷ்டமா இருக்கு.

ஜெலுத்தோங்_வயரிங்:
அவசரப்பட்டு மாத்தாதீங்க தம்பி. கிளட்ச் விட்டுடுற அந்த நேரத்துலயே வோல்டேஜ் பாக்கணும், ஆறுன பிறகு பாத்து பிரயோஜனமே இல்ல. கிளட்ச் வயர் சாக்கெட்டை கழட்டாம பின்பக்கமா மீட்டர் குத்துங்க, கழட்டிட்டா லோடு இல்லாம கெட்டுப்போன வயர்ல கூட 12 வோல்ட் காட்டும். பெல்ட் ஓடிட்டு இருக்கும், கை பத்திரம். வோல்டேஜ் முழுசா வந்து எர்த்தும் நல்லா இருந்தும் பிடிக்கலன்னா கிளட்ச் காந்தத்தோட காயில் (கம்பிச்சுருள்), இல்லன்னா பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல உள்ள கேப்தான். காயில் சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறி கரண்ட் கொறையும், காந்தம் பலம் போயிடும், பிளேட் தேய்ஞ்சு கேப் வேற அகலமா இருந்தா எப்படி இழுக்கும்? பல மாடல்ல கேப் அரை மில்லிமீட்டர் பக்கம்தான், ஷிம் (நடுவுல வைக்கிற மெல்லிய வாஷர்) ஒண்ணு எடுத்தாலே சரியாகறது உண்டு.

பிறை_அக்கா:
வோல்டேஜே வரலன்னா மொதல்ல ரிலே (கிளட்ச்சுக்கு கரண்ட் விடுற சின்ன சுவிட்ச் பெட்டி) பாருங்க, ஒரே நம்பரா இருந்தா ஹார்ன் ரிலேயை மாத்தி போட்டு பாருங்க. கன்டென்சர் (ஏர்கோன் கேஸை ஆற வைக்கிற பாகம்) ஃபேனும் பாருங்க தம்பி, ஜேம்ல அது சுத்தலன்னா கேஸ் பிரஷர் ஏறி பிரஷர் சுவிட்ச் கட் பண்ணிடும். அந்த சுவிட்ச்சை மட்டும் ஜம்பர் வயர் போட்டு நேரடியா இணைச்சு ஓட்டிடாதீங்க.

பட்டர்வொர்த்_தம்பி:
ஃபேன் சுத்துதுக்கா. நாளைக்கு மீட்டரோட போறேன், ரீடிங் இங்கயே போடுறேன்.