அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற எதை முதலில் வாங்குவது?

கேள்வி:
அப்பாவுக்கு ஏ.எல்.எஸ்., அதாவது நரம்பு பாதித்துத் தசைகள் படிப்படியாகத் தளரும் நோய். முதலில் கைகள் தளர்ந்தன, இப்போது கால்களும். பிடித்துக்கொண்டால் கொஞ்ச நேரம் நிற்பார், நடக்க முடியாது. அம்மாவும் நானும் அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறோம். அவருக்குத் தோள் வலிக்கிறது, அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்:
என் கணவருக்கும் இதே நோய்தான். கடைசிவரை வீட்டில் வைத்துத்தான் பார்த்தேன். அக்குளில் தூக்குவதை இன்றே நிறுத்துங்கள் தங்கச்சி. தசை தளர்ந்த தோள்மூட்டு சுலபமாக நழுவிவிடும். கைப்பிடி வைத்த இடுப்பு பெல்ட் வாங்கி அப்பாவுக்குக் கட்டி, அதைப் பிடித்துத் தூக்குங்கள். அவரால் நிற்க முடிகிறவரை அது போதும்.

நிற்க முடியாமல் போனால் வழுக்குப் பலகை. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பாலம்போல் வைத்து, அதன்மேல் அவரை நகர்த்தலாம். அதற்கு நாற்காலியின் கைப்பிடி கழன்று வர வேண்டும், கட்டிலும் நாற்காலியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அதனால் தலைப்பக்கம் மட்டும் உயரும் கட்டில் போதாது, மொத்தக் கட்டிலும் ஏறி இறங்க வேண்டும். உட்காரவும் முடியாதபோது, ஆளைத் துணித் தொட்டிலில் வைத்துத் தூக்கும் பேஷண்ட் லிஃப்ட்தான். அதன் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய இடம் இருக்கிறதா என்று கட்டில் வாங்கும்போதே பாருங்கள். ஸ்லிங் எனும் அந்தத் தொட்டில் தலையையும் தாங்குவதாக இருக்கட்டும்.

சக்கர நாற்காலியை இப்போதைக்கு வாடகைக்கு எடுங்கள். பிறகு, கழுத்தைத் தாங்கி, இருக்கையோடு சாய்கிற வகை தேவைப்படும்.

பதில்:
நான் பிசியோதெரபிஸ்ட். மேலே அக்கா சொன்ன வரிசை சரி. காற்று மெத்தை போட்டாலும் திருப்பிப் படுக்க வைப்பதை விடாதீர்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். வெளுக்காவிட்டால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டாம், சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறதா, காலையில் தலை வலிக்கிறதா? இருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், முகமூடி வழியே மூச்சுக்கு உதவும் பைபாப் கருவி தேவைப்படலாம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. இன்னொன்று: ராத்திரி கூப்பிட அப்பாவுக்குக் குரல் எழவில்லை. மணியை அழுத்த விரலிலும் பலம் இல்லை.

பதில்:
லேசாகப் பட்டாலே ஒலிக்கும் பொத்தான் இருக்கிறது. எந்த அசைவு மிச்சமிருக்கிறதோ அங்கே வையுங்கள். என் கணவருக்குக் கன்னத்தை ஒட்டித் தலையணையில் வைத்திருந்தேன், தலையைச் சாய்த்தால் போதும். விளக்கை அணைக்கும் முன் தினமும் அவரே அதை ஒலிக்கச் செய்து பார்க்கட்டும். போன வாரம் எட்டிய இடம் இந்த வாரம் எட்டாமல் போகலாம்.