பேட்டரியும் செல்ஃபும் புதியவை. ஆனாலும் சில நாள்களில் படகு என்ஜின் சுற்ற மறுக்கிறது

கேள்வி (முத்துப்பேட்டை, படகுக்காரர்)

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது பாய் கட்டிய மரப்படகு. 2018 நவம்பரில் கஜா புயல் அதைக் கரையில் புரட்டிப் போட்டதில் பக்கப் பலகைகள் உடைந்துபோயின. அவற்றைச் சரிசெய்த கையோடு உள்ளே இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின் ஒன்றையும் பொருத்தினோம். லகூனுக்குள் பாயை வைத்தே சமாளித்துவிடலாம். ஆனால் இருபுறமும் அலையாத்தி நெருக்கும் கோரையாற்று வழியில், சோழகம் (தென்றிசைக் காற்று) எதிர்த்து அடிக்கும்போது, என்ஜின் இல்லாமல் ஒரு அடிகூட நகர முடியாது.

இப்போது சாவியைத் திருப்பினால் சில நாள்களில் முதல் முறையே என்ஜின் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. வேறு சில நாள்களில் 'டக், டக், டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது, என்ஜின் அசைவதே இல்லை. எட்டு, பத்து முறை முயன்ற பிறகு எதுவுமே நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறது. ஐப்பசியில் புதுப் பேட்டரி போட்டோம், பலனில்லை. தை மாதத்தில் என்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரையே மாற்றினோம். அதன்பின் ஏறத்தாழ நாற்பது நாள் ஒரு குறையும் இல்லை. சென்ற வாரம் நீர் வற்றும் நேரத்தில் மறுபடியும் அதே 'டக், டக்'. ஒரு மணி நேரம் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டுதான் ஜாம்பவானோடைத் துறைக்கு வந்து சேர்ந்தோம். அடுத்து எதை மாற்றுவது என்று தெரியாமல் கேட்கிறேன்.

பதில் 1 (திருத்துறைப்பூண்டி)

செல்ஃபின் இரண்டு பெரிய டெர்மினல்களையும் ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்துத் தொட்டுப் பாருங்கள். சுற்றினால் சொலினாய்டு (செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்த ஸ்விட்ச்) கெட்டுவிட்டது என்று பொருள். நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

பதில் 2 (மன்னார்குடி, டிராக்டர் பழுதுபார்ப்பவர்)

மேலே சொல்லப்பட்ட முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கியர் விழுந்திருக்கும்போது அப்படித் தொட்டால் படகு பாய்ந்துவிடும். பேட்டரியிலிருந்து வெளியேறும் வாயு அடைபட்ட அறையில் தேங்கியிருந்தால் ஒரு பொறியே அதற்குத் தீ வைக்கப் போதும்.

நான் படகு வேலை பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் இதே கோளாறு, சேற்று உழவு முடிந்து திரும்பும் டிராக்டர்களில் எனக்குப் பழக்கமானது. நன்றாக இருக்கும் பேட்டரியை வைத்துக்கொண்டு 'டக், டக்' என்று அடித்தால், பெரும்பாலும் பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் நடுவே ஓரிடத்தில் மின்சாரம் திணறுகிறது என்றே எடுத்துக்கொள்வேன். சொலினாய்டு இழுக்கும், செல்ஃப் மின்சாரம் கேட்கும், கேட்ட மாத்திரத்தில் மின்னழுத்தம் சரிந்துவிடும், சொலினாய்டு பிடியை விட்டுவிடும், மின்னழுத்தம் ஏறியதும் மறுபடி இழுக்கும். அந்தச் சத்தம் இப்படித்தான் உண்டாகிறது. சிறிய என்ஜினின் செல்ஃப்கூட இருநூறு ஆம்பியரை எளிதில் இழுக்கும். வழியில் எங்கேனும் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே அங்கே இரண்டு வோல்ட் போய்விடும். அந்த அளவு தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவில் பார்த்தால் தெரியாது, பூஜ்யம் என்றே காட்டும். மின்சாரம் ஓடும்போது வோல்ட்டில்தான் பிடிக்க வேண்டும்.

மீட்டரை எடுப்பதற்கு முன் கண்ணால் ஒன்றைக் கவனியுங்கள். கோளாறு வரும் நேரத்தில், சாவியைத் திருப்பியபடியே, என்ஜின் பேனலில் உள்ள விளக்கு மங்குகிறதா என்று பாருங்கள். பேட்டரியிலிருந்து நேரே வயர் எடுத்து எரியும் விளக்கு படகில் வேறு ஏதாவது இருந்தால் அதையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மங்கினால் பேட்டரியில் குறை. பேனல் விளக்கு மட்டும் மங்கினால் பேட்டரிக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள பெரிய கேபிளில் குறை. இரண்டுமே மங்காமல் இருந்தால் சாவியிலிருந்து சொலினாய்டுக்குப் போகும் சிறிய வயரையும், சொலினாய்டையும், அதன் உள்முனைகளையும் பார்க்க வேண்டும்.

பிறகு இரண்டு அளவுகள். சாவியைத் திருப்பிப் பிடித்த நிலையில் பேட்டரியின் பிளஸ் முனைக்கும் செல்ஃபின் பெரிய டெர்மினலுக்கும் இடையே ஒன்று, மைனஸ் முனைக்கும் என்ஜின் உடம்புக்கும் இடையே ஒன்று. மீட்டரின் முனை பேட்டரியின் ஈயக் கம்பத்தையே தொட வேண்டும். அதைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தொட்டால் கிளாம்புக்கும் கம்பத்துக்கும் நடுவே இருக்கும் அழுக்கு கணக்கில் வராமல் தப்பிவிடும். பிளஸ் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேலோ, எர்த் (மைனஸ்) பக்கம் கால் வோல்ட்டுக்கு மேலோ காட்டினால் அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். படகு ஒழுங்காகக் கிளம்பும் நாளிலும் அளந்து எழுதிவையுங்கள். ஆனால் கோளாறு நிற்கும் நேரத்தில் எடுக்கும் அளவுதான் பேசும்.

செல்ஃபை மாற்றியதும் நாற்பது நாள் நன்றாக ஓடியது என்கிறீர்களே, அதை வைத்துப் பழைய செல்ஃப்தான் கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மாற்றுபவர் கேபிள்களைக் கழற்றி, அசைத்து, மறுபடி முடுக்கியிருப்பார். அந்த அசைவே போதுமானதாக இருந்திருக்கலாம்.

கேள்வி கேட்டவர்

ஐயா, மூன்று நாள் காத்திருந்து இன்று காலையில்தான் கோளாறு கைக்குச் சிக்கியது. பனி இறங்கி எல்லாம் நனைந்திருந்த நேரம். பாய்மர உச்சியில் இருக்கும் விளக்குக்குப் பேட்டரியிலிருந்து நேராக வயர் போகிறது. அதைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பேனலின் சிவப்பு விளக்கு அணைவதுபோல் சிறுத்தது, உச்சி விளக்கு அசையவே இல்லை. பேட்டரியில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பிளஸ் பக்கம் கால் வோல்ட்டுக்கும் குறைவு. மைனஸ் முனைக்கும் என்ஜினுக்கும் இடையே முள் நிலையில்லாமல் ஆடி ஆறு, ஏழு என்று காட்டியது.

பதில் 2 (மன்னார்குடி)

எர்த் கேபிள்தான். பிளஸ் பக்கம் குறைவாகக் காட்டுவதை அந்தப் பக்கத்துக்கு நற்சான்றாகக் கொள்ள வேண்டாம். எர்த் அடைத்துக்கொண்டு போதிய மின்சாரமே ஓடாததால் அங்கே இழப்பும் தெரியவில்லை. எர்த்தைச் சரிசெய்த பிறகு மறுபடி அளக்கவும். கழற்றும்போது மைனஸை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள்.

பதில் 3 (நாகப்பட்டினம்)

கேபிளின் இரு முனைகளிலும் உறையை ஒரு சாண் உரித்துப் பாருங்கள். உப்புக்காற்றில் செம்புக் கம்பி லக்கிலிருந்து (கேபிள் முனையில் போல்ட்டில் மாட்டும் வளையம்) உள்நோக்கிக் கறுத்துக்கொண்டே போகும். வெளியே உறை புதிதுபோல் இருக்கும். புதிதாகப் போடுவதாக இருந்தால் வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிளைக் கேட்டு வாங்குங்கள், லக்கைச் சுத்தியலால் தட்டாமல் அழுத்துக் கருவியில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்களுடையது குளிர்விக்கும் கடல்நீர் புகைக்குழாய் வழியாக வெளியேறும் என்ஜினாக இருந்தால், செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்காத நாளில் தொடர்ந்து சுற்றிக்கொண்டே இருக்காதீர்கள். புகையழுத்தம் இல்லாததால் பம்ப் தள்ளும் நீர் வெளியேறாமல் சைலன்சரில் நிறைந்து சிலிண்டருக்குள்ளேயே ஏறிவிடும். இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகு கடல்நீர் வால்வை மூடிவிட்டு முயன்று, என்ஜின் பிடித்தவுடன் திறந்துவிடுங்கள். உங்கள் இப்போதைய கோளாறு இதுவல்ல என்றாலும், கிளம்பாத என்ஜினோடு மல்லுக்கட்டும் யாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

பிரித்துவிட்டேன். எர்த் கேபிளின் லக்கை என்ஜின் காலில் பெயின்டின் மேலேயே வைத்து முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரையைப் பற்றிக்கொண்டுதான் இத்தனை வருடமும் மின்சாரம் போயிருக்கிறது, அந்த மரையிலும் துரு. கேபிளை உரித்தால் கம்பிகள் கறுத்து, விரலால் தேய்த்ததும் பாதி இழைகள் பொடியாக உதிர்ந்தன. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை பெயின்டைச் சுரண்டி, புதுக் கேபிள் போட்டு, முடுக்கியபின் மேலே வாசலின் தடவினோம். இப்போது சுற்றும்போது எர்த் பக்கம் 0.1 வோல்ட், பிளஸ் பக்கம் 0.4. பிளஸ் கேபிளும் அதே வயதுடையது என்பதால் அதற்கும் சேர்த்துக் கேபிள் வாங்கிவந்துவிட்டேன். கழற்றிய பழைய செல்ஃபைத் தனியே பேட்டரியில் கொடுத்துப் பார்த்தோம். அது இன்னும் நன்றாகத்தான் சுற்றுகிறது.