மறு: [கலைச்சொல்] உரிமம் தெளிவாக இல்லாத படைப்புக்கு இடும் குறி – 'ஐயக்குறி' எனலாமா?

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். உரிமம் தெளிவாக இல்லாத படைப்பைப் பார்ப்பவர் அதன் மேல் இடும் குறிக்கு (ஆங்கிலத்தில் flag) 'கொடி', 'புகார்', 'தணிக்கை' என்று மூன்று பக்கமும் இழுபறியாக இருக்கிறது. கணினி விளையாட்டு உருவாக்குவோருக்கான கட்டற்ற படங்கள், ஒலிகள் பற்றிய நம் கையேட்டில் உரிமப் பகுதியை எழுதுவது நான் என்பதால், இந்தச் சொல் எந்த வேலைக்கு வேண்டும் என்பதை முதலில் விரித்துச் சொல்லிவிடுகிறேன். பெயர் அப்புறம்.

> பேசாமல் 'தணிக்கை' என்றே போட்டுவிடலாம் ஐயா. எல்லாருக்கும் புரியும்.

புரியும் தம்பி, ஆனால் வேறொன்றாகப் புரியும். தணிக்கை என்றால் படத்தில் காட்சியை வெட்டுவதும் அலுவலகத்தில் கணக்கைச் சரிபார்ப்பதும்தான் மனத்தில் வரும். விளையாட்டுக்கான படங்களையும் ஒலிகளையும் பகிரும் ஓப்பன்கேம்ஆர்ட் போன்ற தளத்தில், ஏற்றியவற்றைச் சரிபார்க்கும் மட்டுறுத்துநர் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி வேறு. இந்தப் படம் நல்லதா கெட்டதா, அழகா அசிங்கமா என்று அவர் பார்க்கவில்லை. இது எங்கிருந்து வந்தது, ஏற்றியவருக்கு இதை இந்த உரிமத்தில் கொடுக்கும் உரிமை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்.

2009-இல் தொடங்கிய அந்தத் தளம் சில உரிமங்களை மட்டுமே ஏற்கிறது: கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சிசி0 (எந்த நிபந்தனையும் இல்லை), சிசி-பை (படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும்), சிசி-பை-எஸ்ஏ (பெயரும் சொல்லி, மாற்றியதையும் அதே உரிமத்தில் தர வேண்டும்), தளத்துக்கென்றே எழுதிய ஓஜிஏ-பை, அப்புறம் கட்டற்ற மென்பொருள் உரிமங்களான ஜிபிஎல், எல்ஜிபிஎல். 'வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது', 'மாற்றக் கூடாது' என்ற நிபந்தனை இருந்தால் அங்கே இடமில்லை. இதைக் கெடுபிடி என்று யாரும் நினைக்க வேண்டாம். வெஸ்நாத், சூப்பர்டக்ஸ்கார்ட் போன்ற விளையாட்டுகள் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் முதன்மைத் தொகுப்பில் இருக்கின்றன. எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் தடுக்கக் கூடாது என்பது டெபியனின் விதி. வணிகத்தடை உள்ள ஒரே ஒரு மரத்தின் படம் உள்ளே நுழைந்தாலும் அந்த விளையாட்டு அங்கே நிற்க முடியாமல் போகும். இலவசமாகக் கிடைப்பதும் கட்டற்றதாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை நாம் மென்பொருளில் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். படத்துக்கும் ஒலிக்கும் அதே கதைதான்.

இப்போது ஒரு படைப்பைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். ஒருவர் பிஎன்ஜி கோப்பு ஒன்றை ஏற்றுகிறார். 576 படப்புள்ளி அகலம், 256 உயரம். தலைப்பாகை கட்டிய ஒரு காவலாளி நான்கு திசையிலும் நடக்கிறார், திசைக்கு ஒன்பது நிலைகள், ஒவ்வொன்றும் 64-க்கு 64. உரிமம் என்ற இடத்தில் சிசி0 என்று தேர்ந்திருக்கிறார். அளவைப் பார்த்ததுமே பழகிய கண்ணுக்கு நெருடும். 2012-இல் கிரியேட்டிவ் காமன்ஸ், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, ஓப்பன்கேம்ஆர்ட் மூன்றும் சேர்ந்து நடத்திய லிபரேட்டட் பிக்சல் கப் போட்டிக்காக வரைந்த அடிப்படை மனித உருவத்தின் நடைக்கு இதே அளவுதான். படத்தைப் பெரிதாக்கினால் தாடைக்குக் கீழே விழும் நிழலும், நடக்கும்போது கை மடங்கும் விதமும், தோலின் நிற வரிசையும் அப்படியே அந்த உருவத்தினுடையவை. ஏற்றியவர் தானே வரைந்தது தலைப்பாகை மட்டும். சட்டை இன்னொருவர் வரைந்தது, மீசை வேறொருவருடையது.

அந்த அடிப்படை உருவம் சிசி-பை-எஸ்ஏ 3.0, ஜிபிஎல் 3.0 என்ற இரட்டை உரிமத்தில் வந்தது. அதிலிருந்து பிறந்ததை சிசி0 என்று சொல்ல வழியில்லை. ஆனால் இதில் திருட்டு எங்கே இருக்கிறது? இணையத்தில் கிடைத்த துண்டுகளை ஒட்டி, தன் கைவேலையையும் சேர்த்து, 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று நல்ல மனத்தோடு கொடுத்திருக்கிறார். உரிமத்தை மாற்றி, சட்டை வரைந்தவர், மீசை வரைந்தவர், அடிப்படை உருவத்தை வரைந்தவர்கள் எல்லார் பெயரையும் குறிப்பில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. படைப்பு அங்கேயே இருக்கும், நான்கு பேருக்குப் பயன்படும். நாம் தேடும் சொல்லுக்கு இப்படிப்பட்ட முடிவும் பொருந்த வேண்டும். என்னுடைய வாதம் முழுக்க இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதவு கிறீச்சிடும் ஒலியை ஒலி பகிரும் தளமான ஃப்ரீசவுண்டிலிருந்து எடுத்து, இன்னும் இரண்டு ஒலிகளோடு கலந்து ஏற்றுவார்கள். அந்தத் தளத்தில் ஒலிக்கு ஒலி உரிமம் மாறும், வணிகத்தடை உள்ளவையும் உண்டு. மூன்றில் ஒன்று அப்படி இருந்தாலும் கலவை முழுவதும் சிக்கல். விளையாட்டு உருவாக்கும் ஆர்பிஜி மேக்கர் கருவியோடு வரும் தரை ஓட்டுப் படங்களுக்கு நிறம் மாற்றி ஏற்றுவது இன்னொன்று. கருவியை வாங்கியவர் அதன் நிபந்தனைப்படி பயன்படுத்தத் தந்தவை அவை, பிறருக்கு அள்ளிக் கொடுப்பதற்கில்லை. சுவர், கல், மரப்பட்டை ஒளிப்படங்களைத் தரும் சில தளங்கள் 'உன் விளையாட்டுக்குள் வைத்துக்கொள், தனிக் கோப்பாகப் பகிராதே' என்று சொல்லும். அதைப் படிக்காமலே டெக்ஸ்சர் தொகுப்பாக்கி விடுவார்கள்.

நுட்பமான ஒன்றும் இருக்கிறது. படைப்பைப் பெறுபவரின் உரிமையைத் தொழில்நுட்பப் பூட்டால் தடுக்கக் கூடாது என்று சிசி-பை சொல்கிறது. செயலிக் கடைகளில் அத்தகைய பூட்டு உண்டு. அந்த நிபந்தனையை மட்டும் எடுத்துவிட்டு எழுதியதுதான் ஓஜிஏ-பை. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து, பிறர் சிசி-பையில் கொடுத்ததைக் கேட்காமல் ஓஜிஏ-பைக்கு மாற்றிவிடுபவர்கள் உண்டு. இவர்களில் யாரையும் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

> இலங்கையில் 'முறைப்பாடு' என்போம். தமிழ்நாட்டில் 'புகார்'. ஏதாவது ஒன்றை எடுத்து முடியுங்களேன்.

இரண்டுமே நல்ல சொற்கள், ஆனால் இந்த இடத்துக்கு இல்லை. புகார் என்றாலும் முறைப்பாடு என்றாலும் பாதிக்கப்பட்ட ஒருவர் இருக்கிறார், எதிர்ப்பக்கம் ஒருவர் இருக்கிறார், நடுவில் காவல் நிலையம் இருக்கிறது. அது பொருந்தும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1998-இன் டிஎம்சிஏ பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளரே எழுதி அனுப்புவது அப்படிப்பட்டது. அறிவிப்பு வந்தால் தளம் படைப்பை எடுத்துவிடும். ஏற்றியவர் எதிர் அறிவிப்பு கொடுத்தால், உரிமையாளர் வழக்குப் போடாத நிலையில் 10 முதல் 14 வேலை நாளுக்குள் திரும்ப வைக்க வேண்டும். இந்தியாவில் 2013-இன் பதிப்புரிமை விதிகளில் நாள் கணக்கு வேறு. அதற்கு 'அகற்றல் கோரிக்கை' என்று கையேட்டில் ஏற்கெனவே வைத்துவிட்டோம், அது அப்படியே இருக்கட்டும். நாம் இப்போது பெயர் தேடுவது அதற்கு முந்தைய கட்டத்துக்கு. அங்கே வழக்கும் இல்லை, வாதியும் இல்லை. பார்த்துக்கொண்டே போன ஒருவர் 'இது கொஞ்சம் இடிக்கிறதே' என்று நின்று கேட்கிறார், அவ்வளவுதான்.

> 'கொடியிடு' பல செயலிகளில் வந்துவிட்டது. அதையே தொடர்வது நல்லதில்லையா?

செயலிகளில் வந்திருக்கிறது என்பது சரி. ஆனால் தமிழில் கொடி ஏற்றுவது திருவிழாவுக்கும் சுதந்திர தினத்துக்கும். கொடி பிடிப்பது போராட்டத்துக்கு. எச்சரிக்கையோ ஐயப்பாடோ அதில் எங்கும் இல்லை. புதிதாக வரும் ஒரு மாணவர் தன் படத்தின் மேல் 'கொடியிடப்பட்டது' என்று பார்த்தால் பாராட்டா, கண்டனமா என்று அவருக்குத் தெரியப் போவதில்லை.

சரி, என் பரிந்துரை: ஐயக்குறி.

நம் இலக்கணத்தில் இதற்கு நேரான இடம் இருக்கிறது. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலில் ஐயக்கிளவி என்று ஒன்று வரும். தொலைவில், மங்கிய வெளிச்சத்தில் ஏதோ நிற்கிறது. மரக்கட்டையா ஆளா தெரியவில்லை. அந்த நேரத்தில் எப்படிப் பேச வேண்டும்? உரையாசிரியர்கள் 'குற்றிகொல்லோ மகன்கொல்லோ' என்று காட்டி, 'தோன்றுகின்ற உரு' என்று சொல்லச் சொல்கிறார்கள். கட்டை என்றும் முடிவு கட்டாதே, ஆள் என்றும் முடிவு கட்டாதே, தெரியும் அளவுக்கு மட்டும் சொல். மட்டுறுத்துநர் அந்தக் காவலாளிப் படத்தின் முன்னால் நிற்கும் நிலை இதுவேதான். நன்னூல் படித்தவர்களுக்கு ஐயவினாவும் தெரிந்திருக்கும். கேட்பவர் அறிய விரும்பிக் கேட்கிறார், குற்றம் சாட்டிக் கேட்கவில்லை.

'சந்தேகக்குறி' எளிதாக இருக்குமே என்று இந்த இழையில் ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். எளிதுதான். ஆனால் சந்தேகம் பெரும்பாலும் ஆள் மேல் விழுகிறது. 'அவன் மேல் சந்தேகம்' என்கிறோம். இலங்கைச் செய்திகளில் 'சந்தேகநபர்' என்றால் கைதானவர். ஐயம் அப்படி ஆளைத் தேடிப் போகாமல் பொருளிலேயே நிற்கிறது. இந்த வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். முதல் படத்தை ஏற்றிய பிள்ளை அவமானப்பட்டு ஒதுங்கிவிட்டால் இரண்டாவது படம் வராது.

எதிர்பார்க்கும் தடைகள் இரண்டு. வினைச்சொல்லாக்கும்போது யாரும் 'ஐயமிடு' என்று சுருக்கிவிடக் கூடாது. ஐயமிட்டு உண் என்ற ஆத்திசூடியைப் படித்தவர்கள் நாம், அது பிச்சையிடுவதாகிவிடும். 'ஐயக்குறி இடு' என்று முழுதாகவே எழுத வேண்டும். இரண்டாவது, பக்கத்திலேயே 'குறிச்சொல்' (tag) இருப்பதால் குழப்பம் வருமா என்பது. வராது என்று நினைக்கிறேன். குறிச்சொல்லை ஏற்றியவர் இடுகிறார், அது சொல்லாகத் தெரியும். ஐயக்குறியைப் பார்ப்பவர் இடுகிறார், காரணத்தோடு இடுகிறார். காரணம் எழுதாத ஐயக்குறியை ஏற்கவே கூடாது என்பதையும் கையேட்டில் சேர்க்க விரும்புகிறேன். 'எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் போதாது. எங்கே பார்த்தார், எந்தப் பகுதி ஒத்திருக்கிறது, மூலத்தின் உரிமம் என்ன என்று எழுத வேண்டும்.

வெளிப்படையாகத் தெரியும் திருட்டுக்கு இந்தச் சொல்லைப் பூச வேண்டாம். பழைய கேம் கன்சோல் ஒன்றிலிருந்து உருவங்களைப் பிரித்தெடுத்துத் தன் பெயரில் போட்டவருக்கு ஐயக்குறி எதற்கு? அங்கே ஐயமே இல்லை, நேராக நீக்கம்தான்.

'மட்டுறுத்தல்', 'மட்டுறுத்துநர்' இரண்டையும் மாற்றத் தேவையில்லை. யாகூ குழுமக் காலத்திலிருந்து புழங்கி வேரூன்றியவை. 'மட்டறுத்தல்' என்று உகரம் தொலைத்து எழுதுவதை மட்டும் திருத்திக்கொள்வோம்.

திரையில் வரும் வாசகங்களை இப்படி வைத்துப் பார்த்தேன், படித்துச் சொல்லுங்கள்:

ஐயக்குறி இடு
ஐயத்துக்கான காரணம்
இப்படைப்பின் உரிமம் குறித்து ஐயம் எழுந்துள்ளது. தெளிவாகும் வரை பயன்படுத்த வேண்டாம்.
ஐயம் தீர்ந்தது

கடைசி வாசகம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 'குறி நீக்கப்பட்டது' என்றால் யாரோ அழித்துவிட்டார்கள் என்று மட்டும் தெரியும். 'ஐயம் தீர்ந்தது' என்றால் கேட்டவருக்கும் பதில் கிடைத்தது, கொடுத்தவருக்கும் பெயர் மிஞ்சியது.

இன்னும் ஒரு நிலைக்குச் சொல் இல்லை. ஐயக்குறி இட்டாயிற்று, ஏற்றியவருக்கு மடலும் போயிற்று, ஆனால் அவர் தளத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். படைப்பு தீர்வும் இல்லாமல் நீக்கமும் இல்லாமல் கிடக்கிறது. 'நிலுவை ஐயம்' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். நிலுவை என்றால் கடன் பாக்கி வாடை அடிக்கிறதே என்று ஒரு தயக்கம். மூத்தவர்கள் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.